இரும்புக்கும் பதம் உண்டு

(திருமயத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



தீரர் சத்தியமூர்த்தி பிறந்த ஊர் இது. நாடே காது கொடுத்துக் கேட்ட குரல் பிறந்த ஊரில் மேடையேற யாருக்கும் கூச்சம் வரும். எனக்கு இரட்டைக் கூச்சம். நான் பேச்சாளன் இல்லை. நாற்பது ஆண்டு உலைக்கு முன்னால் நின்றவன். உலைக்கூடத்தில் பேசினால் ஒருவருக்கும் கேட்காது, கையை ஆட்டித்தான் சொல்ல வேண்டும். இன்றைக்கும் அளவுக்கு மீறிக் கையை ஆட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'உலோகங்களும் அவற்றின் பயன்களும்'. நல்ல தலைப்புதான். ஆனால் இரும்பு, செம்பு, ஈயம் என்று வரிசையாக ஒப்பிக்க ஆரம்பித்தால் பின்வரிசை முதலில் தூங்கும், பிறகு நானே தூங்கிவிடுவேன். ஆகவே தலைவரின் அனுமதியோடு ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். அந்தச் சொல் 'பதம்'.

பதம் என்றால் என்ன? இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களைக் கேட்டால் தெரியும். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறீர்கள். வெல்லமும் தண்ணீரும், வேறொன்றும் இல்லை. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்க்கிறீர்கள். உருண்டால் இறக்கிவிடுகிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டாள் என்று வாசலுக்குப் போய் இரண்டு நிமிடம் நின்றுவிட்டால்? அதிரசம் பல்லை உடைக்கும். வெல்லம் மாறியதா? மாறவில்லை. கடை மாறியதா? அதுவும் இல்லை. மாறியது பதம். இரும்பும் அப்படித்தான் ஐயா! செம்பும் அப்படித்தான், வெண்கலமும் அப்படித்தான். ஒரு சாமானைக் கையில் எடுத்தால் 'இது என்ன உலோகம்?' என்று எல்லோரும் கேட்கிறோம். 'இது எவ்வளவு சூடானது, எப்படி ஆறியது?' என்று யாராவது கேட்கிறோமா? அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

சன்னல் வழியாக அந்த மலையைப் பாருங்கள். 1687-இல் சேதுபதி கட்டிய கோட்டையைச் சொல்லவில்லை. உச்சியில் இருக்கும் பீரங்கியையும் சொல்லவில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகளில் அதன்மேல் ஏறி உட்காராதவர் யாரும் இருக்க முடியாது. நான் சொல்வது மலையின் அடிவாரத்தை. பாறையைக் குடைந்து சத்தியகிரீசுவரருக்கு ஒரு கோயில், பக்கத்திலேயே பள்ளிகொண்ட பெருமாளுக்கு ஒரு கோயில். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாயிற்று. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெருமாளின் நீளத்தைப் பார்த்து வியக்கிறார்கள். நான் போகும்போதெல்லாம் சுவரைப் பார்க்கிறேன். அத்தனை கருங்கல்லையும் எதைக்கொண்டு குடைந்தார்கள்? உளியால். உளி எதனால் ஆனது? இரும்பால். கருங்கல்லில் இருக்கும் படிகக்கல் சாதாரண இரும்பைவிட எத்தனையோ மடங்கு கடினமானது. வெறும் இரும்பு உளியை வைத்து நாலு போடு போட்டால் முனை மழுங்கி, ஐந்தாவது போட்டில் அது கரண்டிக் காம்பாகிவிடும். அப்படியானால் அந்த மலையடியில் சிற்பிகள் மட்டும் இருந்திருக்க முடியாது. பக்கத்திலேயே ஓர் உலை எரிந்திருக்க வேண்டும். நாள்தோறும் மழுங்கிய உளிகளை வாங்கி, சிவக்கக் காய்ச்சி, தட்டிக் கூராக்கி, பதம் வைத்துத் திருப்பித் தர ஒரு கொல்லர் இருந்திருக்க வேண்டும். சிற்பியின் பெயரும் நமக்குத் தெரியாது, கொல்லரின் பெயரும் தெரியாது. ஆனால் சிற்பியையாவது நினைக்கிறோம்.

இதோ, என் கையில் இருப்பது ஒரு கல்லுளி. கல் கொத்துகிற ஒருவரிடம் கேட்டு வாங்கி வந்தேன். ஒரு சாண் நீளம். இந்த முனையில் அரத்தை வைத்து இழுக்கிறேன், சத்தத்தைக் கவனியுங்கள். 'கிரீச்' என்று வழுக்குகிறது. அரம் பிடிக்கவே இல்லை. இப்போது சுத்தியல் விழுகிற தலைப்பக்கம். அரம் கடிக்கிறது, துகள் உதிர்கிறது. தலையைப் பாருங்கள், அடிவாங்கி அடிவாங்கிக் காளான் குடைபோல விரிந்திருக்கிறது. ஒரே கம்பி, ஒரே இரும்பு, ஒரு முனை கெட்டி, மறு முனை மிருது. தலையும் முனைபோலவே கெட்டியாக இருந்தால் என்ன ஆகும்? சுத்தியல் விழும்போது சில்லு தெறித்துக் கண்ணில் அடிக்கும். இந்த வித்தியாசத்தை உண்டாக்கியவர் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. முனையை மட்டும் காய்ச்சினார், முனையை மட்டும் தண்ணீரில் தோய்த்தார். அதற்கு நம் பட்டறைகளில் வழங்கும் பெயர் துவைச்சல்.

துவைச்சலில் உள்ளே நடப்பது என்ன? முன்வரிசைப் பிள்ளைகளே, இது உங்களுக்காக. எஃகு என்பது இரும்பும் கொஞ்சம் கரியும். கொஞ்சம் என்றால் மிகக் கொஞ்சம். வீட்டுக் கிராதிக்கு வாங்கும் கம்பியில் 100 கிலோவுக்குக் கால் கிலோகூட இருக்காது. அரத்தில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். 2 கிலோவைத் தாண்டினால் அது வார்ப்பிரும்பின் எல்லை. வார்க்கலாம், சம்மட்டியால் அடித்து நீட்ட முடியாது, உடையும். இரும்பின் அணுக்கள் சும்மா குவிந்து கிடப்பதில்லை, வரிசையாக அடுக்கி நிற்கின்றன. குளிர்ந்திருக்கும்போது ஓர் அடுக்கு. சுத்த இரும்பை 912 டிகிரிக்குமேல் காய்ச்சினால் வேறோர் அடுக்கு; கரி சேர்ந்த எஃகில் இந்த மாற்றம் 727 டிகிரியிலேயே தொடங்கிவிடும். சூட்டில் வரும் அடுக்கில் கரியணுக்கள் புகுந்துகொள்ள இடம் தாராளம். குளிர்ந்த அடுக்கில் இடமே கிடையாது.

கோயில் மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். திருவிழா நாள். வாசல் எல்லாம் திறந்திருக்கிறது, சனம் உள்ளே நிறைந்திருக்கிறது. பூசை முடிந்து, நிதானமாகக் கலைந்துபோக நேரம் கொடுத்தால் எல்லோரும் ஒழுங்காக வெளியேறுவார்கள். அதுதான் மெல்ல ஆறிய எஃகு. கரி வெளியேறி, இரும்போடு சேர்ந்து மெல்லிய தகடு தகடாக ஓரிடத்தில் ஒதுங்குகிறது. எஃகு வளையும், அரத்துக்கு அடங்கும். ஆனால் சனம் உள்ளே இருக்கும்போதே எல்லா வாசலையும் படாரென்று சாத்திவிட்டால்? உள்ளே நெரிசல். ஒருவரும் அசைய முடியாது. அதுதான் தண்ணீரில் தோய்த்த எஃகு. உள்ளே மாட்டிக்கொண்ட கரி அடுக்கையே முறுக்கி நிறுத்துகிறது. இந்த நிலைக்கு மார்ட்டென்சைட் என்று பெயர்; ஆடால்ஃப் மார்ட்டென்ஸ் என்ற ஜெர்மானியரை நினைத்து வைத்தது. எஃகில் இதைவிடக் கெட்டியான நிலை அரிது. கண்ணாடிபோல ஒடிகிற நிலையும் இதுவே.

கெட்டி வேண்டும், ஒடியவும் கூடாது. என்ன செய்வது? சாத்திய கதவைச் சற்றே திறந்து, கொஞ்சம் பேரை மட்டும் வெளியே விட வேண்டும். அதாவது தோய்த்ததை மறுபடி இளஞ்சூட்டில் காட்ட வேண்டும். சிறுவனாக இருந்தபோது ஒரு கொல்லுப்பட்டறையில் இதைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்காக நின்றிருக்கிறேன். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி அரிவாள் அடித்துக்கொண்டிருந்தார் பெரியவர். லாரிப் பட்டை ஏன்? அதில் கரி நூற்றுக்கு அரைக்குமேல் இருக்கும், துவைச்சல் நன்றாகப் பிடிக்கும். கடையில் விற்கும் கிராதிக் கம்பி பிடிக்காது. வாய்ப்பகுதி சிவந்ததும் குறட்டால் எடுத்துத் தொட்டித் தண்ணீரில் வாயை மட்டும் இறக்கினார். 'சொய்ங்' என்றது. உடனே எடுத்தார். முதுகுப்பக்கம் இன்னும் மங்கிய சிவப்பாகவே இருந்தது. ஒரு செங்கல் துண்டால் வாயை நாலு இழுப்பு தேய்த்து வெள்ளையாக்கினார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டார். பேசிக்கொண்டே துருத்தி இழுப்பவர், இப்போது மூச்சுகூட விடாததுபோல அரிவாளையே பார்த்தார்.

நானும் பார்த்தேன். முதுகிலிருந்த சூடு மெல்ல வாய்ப்பக்கம் இறங்கியது. வெள்ளையாக இருந்த இரும்பில் வைக்கோல் நிறம் வந்தது. வைக்கோல் கருத்துப் பழுப்பானது. பழுப்புக்குப் பின்னால் கத்தரிப்பூ நிறம் நகர்ந்து வந்தது. அதன் பின்னால் மயில்கழுத்து நீலம். கத்தரிப்பூ நிறம் வாயைத் தொட்ட அந்தக் கணம் அரிவாள் முழுதையும் தண்ணீரில் போட்டார். அவ்வளவுதான், முடிந்தது. பின்னாளில் படித்தேன்: வைக்கோல் நிறம் என்றால் ஏறத்தாழ 230 டிகிரி, கத்தரிப்பூ 280, நீலம் 300. நிறம் வேறொன்றும் இல்லை, மேலே படியும் மெல்லிய ஆக்சைடுப் படலத்தின் கனம். ரேசர் கத்திக்கு வைக்கோலில் நிறுத்த வேண்டும், ஸ்பிரிங்குக்கு நீலம்வரை விட வேண்டும். பெரியவரிடம் வெப்பமானி இல்லை. ஆனால் 20 டிகிரி தவறுக்கு மேல் அவர் போயிருக்க மாட்டார் என்று சத்தியம் செய்வேன்.

சில பட்டறைகளில் தோய்க்கிற தண்ணீரில் மூலிகைச் சாறு, மோர், இன்னும் சொல்லக் கூசும் சிலவும் சேர்ப்பார்கள், இரகசியம் என்பார்கள். இரகசியம் ஒன்றுதான், ஆறுகிற வேகம். உப்புத் தண்ணீர் வேகமாகச் சூட்டைப் பிடுங்கும். வெறும் தண்ணீர் அதற்கடுத்தது. எண்ணெய் நிதானம். காற்று எல்லாவற்றுக்கும் நிதானம். எந்த எஃகுக்கு எது என்று தெரியாமல் இறங்கினால் நான் பட்ட பாடுதான் படவேண்டும்.

அதையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. எந்த ஆலை என்பது வேண்டாம். நிக்கல், குரோமியம், மாலிப்டினம் சேர்ந்த ஈ.என். 24 எஃகில் ஒரு தண்டு, என் முழங்கை நீளம், ஓரமாக ஒரு சாவிக்காடி வெட்டியிருக்கிறது. எண்ணெய்த் தொட்டியில்தான் இறக்க வேண்டும். அன்றைக்கு எண்ணெய்த் தொட்டி காலியாக இல்லை. எனக்கோ அவசரம். தண்ணீரும் ஆற்றும், எண்ணெயும் ஆற்றும், என்ன வந்துவிடப் போகிறது என்று தண்ணீரில் இறக்கிவிட்டேன். ஆறியதும் எடுத்து மேசையில் வைத்தேன். கடினம் சோதித்துப் பார்த்தேன், அருமையாக வந்திருந்தது. பெருமையாகத் திரும்பி நின்றபோது பின்னால் மெல்ல 'டிங்' என்று ஒரு சத்தம். யாரோ ஸ்பேனரைத் தட்டியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். காலையில் வந்து பார்த்தால் சாவிக்காடியின் மூலையில் தொடங்கித் தண்டின் பாதிவரை தலைமுடி அளவில் ஒரு கோடு. மேஸ்திரி அதில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். திட்டவில்லை. 'தம்பி, அது வாயைத் திறந்து சொல்லிச்சு. நீதான் திரும்பிப் பாக்கல' என்றார். அந்தத் தண்டின் துண்டுதான் இந்த மேசையில் இடப்பக்கம் கிடப்பது.

இப்போது ஒரு கேள்வி. பதம் பார்க்கிற இந்த வித்தை நமக்கு எங்கிருந்து வந்தது? தூரத்தில் தேட வேண்டாம். புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் பொற்பனைக்கோட்டையில் 2023-இலிருந்து அகழாய்வு நடந்தது. அந்தப் பகுதிச் செம்புராங்கல் பூமியில் இரும்பு உருக்கிய தடயங்கள் கிடைக்கின்றன. நொய்யல் கரையில் கொடுமணலில் உலைகளும் மூசைகளும் கிடைத்தன. சிவகளையில் கிடைத்த இரும்புக்குக் கி.மு. 3345 வரை போகும் காலக்கணிப்பை 2025 சனவரியில் தமிழக அரசு வெளியிட்டது. அந்த ஆண்டைப் பற்றி அறிஞர்கள் வாதிடட்டும், வாதிடத்தான் வேண்டும். என் ஆதங்கம் வேறு. ஆண்டுக் கணக்கைச் சொல்லி மார்தட்டுகிறோம். அவர்கள் என்ன செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

மூசைக்குள் இரும்பையும் கரிப்பொருளையும் வைத்து வாயை மண்ணால் அடைத்து, பல மணி நேரம் ஊதிக் காய்ச்சி, மெல்ல ஆறவிட்டு எடுத்தார்கள். அதுதான் உருக்கு. அந்தக் கட்டிகள் மேற்கே போயின. வெள்ளைக்காரர் அதை 'ஊட்ஸ்' என்று எழுதினார்கள். நம் உருக்கும் கன்னடத்து உக்கும்தான் அவர்கள் வாயில் அப்படி ஆனது என்பது பலருடைய கருத்து. அதில் கரி நூற்றுக்கு ஒன்றரை அளவு. லண்டனில் அதை வாங்கிச் சோதித்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? மின்சாரத்தில் பெயர் வாங்குவதற்கு முன்னிருந்த மைக்கேல் ஃபாரடே. அவர் கொல்லர் மகன்! ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து ஆராய்ந்தார். அதன் தரத்துக்குக் காரணம் உள்ளே அலுமினியம் கலந்திருப்பது என்று நினைத்தார். எவ்வளவு பெரிய மேதை! அவரும் முதல் கேள்வியைத்தான் கேட்டார்: இதில் என்ன கலந்திருக்கிறது? ஐரோப்பியக் கொல்லர்கள் பலர் அந்தக் கட்டியைத் தங்கள் வழக்கப்படி வெள்ளைச் சூடுவரை காய்ச்சிச் சம்மட்டி போட்டார்கள். பொலபொலவென்று உதிர்ந்தது. அவ்வளவு கரி இருக்கும் எஃகு அந்தச் சூட்டைத் தாங்காது. மங்கிய சிவப்பில் பொறுமையாகத் தட்ட வேண்டும். கட்டி கப்பலில் போயிற்று. பதம் கூடவே போகவில்லை.

இரும்பைப் பற்றி இவ்வளவும் கேட்டுவிட்டு, 'சரி, சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் எல்லாம் கெட்டியாகும்' என்று முடிவுகட்டி எழுந்துவிடாதீர்கள். உட்காருங்கள். செம்பு நேர் எதிர்.

இதோ ஒரு செம்புக் கம்பி. முன்னும் பின்னும் நாலு முறை வளைக்கிறேன். முதல் வளைவு சுலபம். நாலாவதற்குக் கை வலிக்கிறது. வளைக்க வளைக்க அது விறைக்கிறது. இன்னும் வளைத்தால் ஒடியும். இப்போது ஸ்பிரிட் விளக்கில் காட்டிச் சிவக்க விட்டு, தண்ணீரில் முக்குகிறேன். வாப்பா, நீ வந்து வளை. பார்த்தீர்களா? பூமாலைபோல மடிகிறது! செம்பில் அடுக்கு மாற்றமும் கிடையாது, மாட்டிக்கொள்ளக் கரியும் கிடையாது. அடிபட்டு நொறுங்கிக் கிடந்த படிகங்கள் சூட்டில் புதிதாக வளர்கின்றன, அவ்வளவே. தண்ணீரில் முக்கினாலும் ஒன்றுதான், தரையில் போட்டாலும் ஒன்றுதான். நம் புதுக்கோட்டைச் சமஸ்தானத்து அம்மன் காசு எத்தனை வீடுகளில் இன்னும் பூசையறையில் இருக்கிறது! ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறு பக்கம் தெலுங்கில் 'விஜய'. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய செம்புத் துண்டு. அம்மனின் உருவம் அந்தச் சின்ன இடத்தில் எழும்பி நிற்க வேண்டுமானால், அச்சுக்குக் கீழே வரும் செம்பு மிருதுவாக இருக்க வேண்டும். காய்ச்சி ஆற்றாத விறைத்த செம்பில் அம்மன் பாதிதான் எழும்பியிருப்பாள்.

வெண்கலம் இன்னும் வேடிக்கை. நூற்றுக்கு இருபது, இருபத்திரண்டு என்று தகரம் கூடுதலாகச் சேர்ந்த வெண்கலம் இருக்கிறதே, தாளமும் மணியும் செய்வது, அதை மெல்ல ஆறவிட்டால் தட்டும்போது பீங்கான்போல உடையும். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் மிருதுவாகிறது, பிறகு தட்டி வடிக்கலாம்! எஃகுக்கு எது கேடோ அது வெண்கலத்துக்கு மருந்து. இதை முதலில் கண்டுபிடித்தவர் எத்தனை உடைத்திருப்பாரோ. ஆதிச்சநல்லூர்த் தாழிகளுக்குள் கிடைத்த மெல்லிய வெண்கலக் கிண்ணங்களைப் பார்த்தால், கைபழகிய பரம்பரை ஒன்று அங்கே இருந்தது என்று தோன்றும்.

பித்தளைக்கு ஒரு கதை உண்டு, ஒன்று சொல்லித் தாண்டிவிடுகிறேன். வெள்ளைக்காரப் பட்டாளம் இந்தியாவில் துப்பாக்கித் தோட்டாக்களைச் சேமித்து வைத்தது. பித்தளைத் தோட்டா. மழைக்காலம் வந்தால் யாரும் தொடாமலே தோட்டாக்கள் வெடித்துக் கீறின. வருடா வருடம் இதே தொல்லை. என்ன மாயம்? தோட்டாவை அச்சில் இழுத்து நீட்டிச் செய்தபோது உள்ளே இழுவிசை தங்கிவிட்டது. அவை இருந்தது குதிரை லாயத்தில். குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியா ஈரக்காற்றில் சேர்ந்து பித்தளையை அரித்தது. உள்ளே இழுவிசை, வெளியே அம்மோனியா. 1921-இல்தான் இது தெளிவாக விளங்கியது. தீர்வு என்ன தெரியுமா? 250, 300 டிகிரி இளஞ்சூட்டில் காட்டிவிடுவது. பித்தளையும் அதேதான், தோட்டாவும் அதேதான். இளஞ்சூடு பட்டதும் உள்ளிருந்த இழுவிசை விட்டுப்போயிற்று.

அலுமினியத்துக்கும் பதம் உண்டா? உண்டு, அது வேறு மாதிரி. 1906-இல் ஜெர்மனியில் ஆல்ஃபிரெட் வில்ம் என்பவர் அலுமினியத்தில் சிறிது செம்பும் மெக்னீசியமும் கலந்து, எஃகைப் போலவே காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தார். கெட்டியாகவில்லை. சலித்துப்போய் விட்டுவிட்டார்கள். சனிக்கிழமை அளந்தது ஒன்று, ஞாயிறு விடுமுறை கழித்துத் திங்கட்கிழமை அளந்தது வேறொன்று என்று அந்தத் துறையில் கதையாகச் சொல்வார்கள். சும்மா மேசையில் கிடந்தபோதே அது தானாகக் கெட்டியாகியிருந்தது! மாவு புளிக்க இரவெல்லாம் வைப்பதுபோல, அதற்கும் ஊற நேரம் வேண்டியிருந்தது. விமானங்களுக்கு உடம்பு கிடைத்தது அந்த ஊறலில்தான்.

வீட்டுக்குள் வருவோம். இந்த எவர்சில்வர் டம்ளர். காந்தம் ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் உசத்தி என்று பாத்திரக்கடையில் காந்தத்தோடு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல் சேர்ந்த நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது, உண்மைதான். ஆனால் அதே தகட்டை ஆழமாக இழுத்துக் குடம் செய்தால், அதிகம் நீண்ட இடத்தில் அடுக்கு மாறி இலேசாக ஒட்டும். அதைப் பார்த்துக் கடைக்காரரோடு சண்டை போடாதீர்கள். இன்னொன்று: எவர்சில்வர் கைப்பிடிக் கம்பியை வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கோடாகத் துரு ஏறுவதைக் கவனித்திருக்கிறீர்களா? 450-க்கும் 850-க்கும் நடுவிலான சூட்டில் அதிக நேரம் நின்றுவிட்டால், துருவைத் தடுக்க வேண்டிய குரோமியம் கரியோடு சேர்ந்து ஓரமாக ஒதுங்கிவிடுகிறது. வாங்கிய பொருள் சுத்தம். பட்ட சூடுதான் தப்பு.

வீடு கட்டுகிறவர்கள் இங்கே இருப்பீர்கள். டி.எம்.டி. கம்பி, டி.எம்.டி. கம்பி என்று சுவரெல்லாம் விளம்பரம். இது 12 மில்லிமீட்டர் கம்பியின் ஒரு துண்டு. வெட்டிய முகத்தை வழவழப்பாகத் தேய்த்து அமிலம் தடவியிருக்கிறேன். கைமாற்றிப் பாருங்கள். வெளி ஓரத்தில் கருப்பாக ஒரு வளையம், நடுவில் வெளுப்பு. ஆலையில் உருளையைவிட்டு வெளியே வரும்போது கம்பி முழுதும் சிவப்பு. ஒரு நொடியளவு தண்ணீர்ப் பீச்சலுக்குள் பாய்கிறது. தோல் மட்டும் தோய்ந்து கெட்டியாகிறது, நடுப்பகுதி இன்னும் தகதகக்கிறது. வெளியே வந்ததும் நடுவிலிருக்கும் சூடு தோலுக்கு ஏறி அதைப் பதமாக்குகிறது. எங்கேயோ பார்த்ததுபோல இருக்கிறதா? அரிவாளின் முதுகுச் சூடு வாய்க்கு இறங்கிய அதே வித்தை! எஃப்.இ. 500 என்று அச்சடித்த இந்தக் கம்பியில் ஐந்தே முக்கால் டன் தொங்கவிட்டால்தான் திரும்பாத நீட்சி தொடங்கும். நான் கைகூப்பிக் கேட்பது ஒன்றே. வளைக்கச் சிரமமாக இருக்கிறது என்று வேலைத்தளத்தில் காஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி வளைக்காதீர்கள். அந்த இடத்தில் வளையம் அழிந்துபோகும். காசு கொடுத்து வாங்கிய பலம் அந்தச் சிவப்பில் போய்விடும். கொத்தனாரிடம் சண்டைபோட்டாவது தடுத்துவிடுங்கள்.

கடைசியாக, இதே ஊருக்கு வருகிறேன். திருமயத்தில் பெல் நிறுவனத்தின் மின்நிலையக் குழாய்ப் பிரிவு இருக்கிறது. 2013 ஆகஸ்டில் பிரதமர் மன்மோகன் சிங் நாட்டுக்கு அர்ப்பணித்தார். இங்கிருக்கும் சில பிள்ளைகளின் அப்பாக்கள் அந்தத் தொழிலில் இருப்பார்கள். அனல் மின்நிலையத்தில் கொதிகலனிலிருந்து சுழலிக்கு நீராவி போகும் பெருங்குழாய் என்ன பாடுபடும் தெரியுமா? 540, 570 டிகிரி சூடு, கூடவே கொடும் அழுத்தம், இரவு பகலாக, ஆண்டுக்கணக்காக. அந்தச் சூட்டில் சாதாரண எஃகு உடையாது. அதைவிட மோசமாக, மெல்ல மெல்ல நீண்டு தளரும். அதைத் தாங்குவதற்கென்று வந்த எஃகுகளில் ஒன்று பி 91. 9 பங்கு குரோமியம், 1 பங்கு மாலிப்டினம், சிட்டிகை அளவு வனேடியமும் நியோபியமும். 1,040 டிகிரிக்குமேல் காய்ச்சி வெறும் காற்றில் ஆறவிட்டாலே போதும், தண்ணீரில் தோய்த்ததுபோல விறைத்துக்கொள்ளும். பிறகு மறுபடி சூடுகாட்டிப் பதமாக்க வேண்டும்.

குழாயாக வந்து சேரும்போது எல்லாம் சரி. வெல்டிங் வைத்ததும்? வைத்த இடம் கண்ணாடியாகிவிடுகிறது. ஆகவே அந்த மூட்டைச் சுற்றி வெப்பப் பட்டைகளைக் கட்டி, கம்பளி சுற்றி, 750 டிகிரியை ஒட்டி மணிக்கணக்காக நிறுத்திவைக்க வேண்டும். 700-இல் நின்றால் போதாது, விறைப்பு போகாது. 800-ஐ ஒட்டித் தாண்டிவிட்டால் உள்ளே அடுக்கு மறுபடி மாறி, ஆறும்போது பழைய கண்ணாடியே திரும்ப வரும். வெளியே பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். சாயம் அடித்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஐந்தாறு ஆண்டு கழித்து ஒரு நாள் மூட்டின் ஓரத்தில் விரிசல் விடும்போதுதான் தெரியும். அதனால்தான் மூட்டின் மேல் வெப்ப உணர்கம்பிகளை ஒட்டவைத்து, சூடு ஏறிய வேகம், நின்ற நேரம், இறங்கிய வேகம் எல்லாவற்றையும் தாளில் கோடாகப் பதிவு செய்கிறார்கள். அந்தத் தாளைப் பத்திரமாகக் கோப்பில் வைக்கிறார்கள். குழந்தைக்குச் சாதகம் எழுதி வைப்பதுபோல என்று நான் கேலி செய்வதுண்டு. ஒரே வித்தியாசம், இந்தச் சாதகம் பிறந்த பிறகு நடந்ததை உள்ளபடி சொல்கிறது.

நேரம் ஆகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முன்வரிசைப் பிள்ளைகளே, இந்தத் தட்டில் மூன்று தையல் ஊசிகள் இருக்கின்றன. ஒரே உறையிலிருந்து எடுத்தவை. மேல்பூச்சை உப்புத்தாளால் தேய்த்துவிட்டேன். முதல் ஊசியைச் சிவக்கக் காய்ச்சி, விளக்குச் சுடரிலிருந்து மெல்ல மெல்ல விலக்கி ஆற்றினேன். இரண்டாவதைச் சிவந்ததும் தண்ணீரில் போட்டேன். மூன்றாவதையும் அப்படியே தண்ணீரில் போட்டு, மறுபடி தேய்த்து, நீலம் வரும்வரை இளஞ்சூட்டில் காட்டி நிறுத்தினேன். எது எது என்று எழுதி வைக்கவில்லை, வரிசையையும் கலைத்துவிட்டேன். இந்தக் கண்ணாடியை மாட்டிக்கொள்ளுங்கள், துண்டு தெறிக்கும். இரண்டு குறட்டில் பிடித்து ஒவ்வொன்றாக வளையுங்கள். பெரியவர்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். முதலில் யார் வருகிறீர்கள்?